ஊதுறியா, உறுமுறியா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் ஒரு வாசகர், "ராக் இசையில் உங்களுக்குப் பிடித்த குழு எது?" என்று கேட்டிருந்தார். பக்கத்தில் இடமில்லை. "ஜெத்ரோ டல்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டு காபி குடிக்கப் போய்விட்டேன். அந்த இரண்டு சொல்லுக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தீர்கள் எல்லோரும்? சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே. ரஜினி, கமல், ராஜா கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

● வாசகர், விருதுநகர்: பேரிலேயே 'டல்' என்று இருக்கிறதே, பாட்டு எப்படி இருக்கும்?

இதே கேள்வியை எட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எட்டுப் பேருக்கும் தனித்தனியாகச் சிரித்துவிட்டேன்.

● வாசகி, திண்டுக்கல்: ஜெத்ரோ டல் என்பது பாடகரின் பெயரா?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். குழுவில் அந்தப் பெயரில் எப்போதும் யாரும் இருந்ததில்லை. முன்னால் நின்று பாடி, புல்லாங்குழல் ஊதி, பெரும்பாலான பாட்டுகளை எழுதுகிறவர் இயன் ஆண்டர்சன். 1947-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தின் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் வளர்ந்தவர்.

நிஜமான ஜெத்ரோ டல் ஒரு விவசாயி. 1674-ல் பிறந்து 1741-ல் காலமானவர். அள்ளி வீசி விதைத்துக்கொண்டிருந்த காலத்தில், குதிரை இழுத்துப் போக வரிசை பிடித்து விதை போடும் கருவியைச் செய்தவர். அவர் எப்படி ராக் மேடைக்கு வந்தார் என்றால், 1967 கடைசியில் இந்தப் பையன்கள் லண்டன் கிளப்புகளில் வாசிக்க அலைந்துகொண்டிருந்தார்கள். ஒருமுறை வாசித்தால் மறுமுறை கூப்பிட மாட்டார்கள். அதனால் பேரை மாற்றிக்கொண்டு, வேறு குழு மாதிரி அதே வாசலில் போய் நிற்பார்கள். பேர் வைக்கிற வேலை ஏஜென்டுடையது. அவர் சரித்திரம் படித்தவர். அந்த வாரம் அவர் எடுத்துக் கொடுத்த பேர் ஜெத்ரோ டல். அந்த வாரம் பார்த்து மார்க்கீ கிளப்காரருக்குப் பிடித்துப்போய், மறுபடி வரச் சொல்லிவிட்டார். பேர் ஒட்டிக்கொண்டது. அது செத்துப்போன ஒரு விவசாயியின் பெயர் என்று அப்போது தனக்குத் தெரியாது என்று ஆண்டர்சனே சொல்லியிருக்கிறார்.

இதில் இன்னொரு கூத்து: 1968-ல் வந்த முதல் ஒற்றைப்பாட்டு இசைத்தட்டில் 'ஜெத்ரோ டோ' என்று அச்சாகிவிட்டது. அச்சுப்பிழைக்காக என்னைத் திட்டி எழுதும் மதுரை வாசகர் இதைக் கவனிக்கவும்.

● வாசகி, ஸ்ரீரங்கம்: ஒற்றைக்காலில் நின்று குழல் ஊதுகிறாரே, நம் கிருஷ்ணனைப் பார்த்துத்தானே?

ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் இல்லை. முதலில் அவர் ஒற்றைக்காலில் நின்று வாசித்தது குழல் இல்லை, மௌத் ஆர்கன். மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிக்கொள்வார். பார்த்த பத்திரிகைக்காரர் ஒருவர், "ஒற்றைக்காலில் நின்று புல்லாங்குழல் ஊதுகிறார்" என்று மாற்றி எழுதிவிட்டார். எழுதியது பொய்யாகக் கூடாதே என்று இவர் குழலோடும் ஒற்றைக்காலில் நிற்கப் பழகிக்கொண்டார். பத்திரிகையில் வந்ததை நிஜமாக்கிய மனிதர் என்று எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

இன்னொன்று, நிற்கிற விதமும் வேறு. கண்ணன் ஒரு காலைக் குறுக்கே வைத்து நுனிவிரலைத் தரையில் ஊன்றியிருப்பான். அது ஓய்வு. ஆண்டர்சன் பாதத்தைத் தூக்கி மற்ற முழங்காலில் ஒட்டிவைத்துக்கொள்வார். அது கொக்கு.

● வாசகர், தஞ்சாவூர்: நான் பத்து வருஷமாகப் புல்லாங்குழல் கற்கிறேன். அவர் ஊதுவதில் பாதி காற்று, பாதி உறுமல். இதை எப்படி ரசிக்கிறீர்கள்?

தம்பி, உங்கள் கடிதத்தில் என் வாத்தியாரின் குரல் கேட்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1974. எனக்குப் பதினாலு வயது. திருச்சி உறையூரில் ஒரு வாத்தியாரிடம் புல்லாங்குழல் கற்றுக்கொண்டிருந்தேன். மாயாமாளவகௌளையில் வரிசைகள் முடிந்து அலங்காரம் ஆரம்பித்த நேரம். கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா, ஊருக்கு வரும்போது இரண்டு இசைத்தட்டு கொண்டுவந்தார். ஒன்றில் இந்த ஆள் பாடிக்கொண்டே ஊதுகிறார். பாடிவிட்டு ஊதுவதில்லை, ஒரே மூச்சில் தொண்டையும் பேசுகிறது, குழலும் பேசுகிறது. இரண்டு சத்தமும் உரசிக்கொண்டு கரகரவென்று ஒரு மூன்றாவது சத்தம் வருகிறது. எனக்கு முதுகுத்தண்டில் எறும்பு ஊர்ந்தது.

ஒரு வாரம் மொட்டைமாடியில் ரகசியமாகப் பழகினேன். குழல் ஊதும்போது அதே ஸ்வரத்தைத் தொண்டைக்குள் முனக வேண்டும். முதலில் இருமல்தான் வந்தது. பிறகு எச்சில் வந்தது. ஐந்தாம் நாள், நிஜமாகவே, உறுமல் வந்தது. பெருமை தாங்காமல் மறுநாள் பாடத்தில் ஜண்டை வரிசையை அந்த மாதிரி ஊதிக் காட்டினேன். வாத்தியார் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "டேய், ஊதுறியா, உறுமுறியா? ரெண்டுல ஒண்ணைச் செய்" என்றார். வாசலில் காத்திருந்த பெண்பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றோடு மொட்டைமாடிப் பயிற்சி முடிந்தது. ஒரு வருஷத்தில் குழலும் முடிந்தது. அது வேறு கதை.

ஆண்டர்சன் இந்த வித்தையைக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ரோலண்ட் கர்க் அதற்கு முன்பே செய்தார். கண்பார்வை இல்லாதவர், ஒரே நேரத்தில் மூன்று ஊதுகருவிகளை வாயில் வைத்து வாசிக்கக்கூடியவர். அவருடைய 'செரனேட் டு எ குக்கூ' என்ற குயில் பாட்டை ஜெத்ரோ டல் 1968-ல் வந்த முதல் எல்பியிலேயே (முழுநீள இசைத்தட்டு) வாசித்திருக்கிறார்கள். கேட்டுப்பாருங்கள், ஆரம்பநிலை மாணவன் பயந்து பயந்து ஊதுவது தெரியும். ஏனென்றால் அவர் நிஜமாகவே ஆரம்பநிலை மாணவன். 1967 கோடை வரைக்கும் கிதார்க்காரர். எரிக் கிளாப்டன் கிதார் வாசிப்பதைக் கேட்டார். இந்த ஜென்மத்தில் அந்த இடத்துக்குப் போக முடியாது என்று முடிவு கட்டினார். கையிலிருந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிதாரைக் கடையில் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு மைக்கும் ஒரு புல்லாங்குழலும் வாங்கிக்கொண்டு வந்தார். சில மாதங்கள் குழலில் சத்தமே வரவில்லை. வந்த பிறகு ஓராண்டுக்குள் இசைத்தட்டு வந்துவிட்டது.

1969-ல் வந்த 'ஸ்டாண்ட் அப்' எல்பியில் ஜெர்மன் இசைமேதை பாக்கின் 'போரே' என்ற நாட்டிய மெட்டை ஊதியிருக்கிறார். ஆண்டர்சன் குடியிருந்த வாடகை அறைக்குக் கீழே ஒரு இசை மாணவர் அதைத் திரும்பத் திரும்ப சாதகம் பண்ணிக்கொண்டே இருப்பாராம். காதில் விழுந்து விழுந்து அப்படியே ஒட்டிக்கொண்டது. நானாக இருந்தால் கீழே இறங்கிப்போய்ச் சண்டை போட்டிருப்பேன்.

இப்போது உங்களுக்கான செய்தி. யாரிடமும் கற்காததால் அவர் விரல் வைக்கும் முறையே பல ஸ்வரங்களுக்குத் தப்பு. தப்பு என்று அவருக்கே தெரியாது. 1990-களின் தொடக்கத்தில் மகள் பள்ளிக்கூடத்தில் குழல் கற்க ஆரம்பித்தபோதுதான், அப்பா விரல் வைப்பது பாடப்புத்தகத்தில் இல்லாத முறை என்று தெரியவந்தது. இருபது வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்கத் தப்பு விரலோடு வாசித்துவிட்டு வந்தவர், நாற்பது வயதுக்குமேல் உட்கார்ந்து சரியான விரலைக் கற்றுக்கொண்டார். சுருதி சுத்தமானது. ஆனால் தம்பி, பழைய தட்டையும் புதுத் தட்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் என் கை பழையதற்குத்தான் போகிறது. அந்தத் தப்பு விரலில் தான் அந்த ஆள் இருக்கிறார். வாத்தியார் இதைப் படித்தால் அடிப்பார். அவர் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

● வாசகர், ஈரோடு: ப்ரோக்ரெசிவ் ராக் என்றால் என்ன, ஒரு வரியில்?

மூன்று நிமிஷத்தில் முடிய வேண்டிய பாட்டை நாற்பது நிமிஷம் வாசித்தும், எழுந்து போக விடாமல் உட்காரவைப்பது.

● வாசகி, சேலம்: ஒரு பாட்டு நாற்பது நிமிஷமா? விளையாடுகிறீர்களா?

மேற்படி பதிலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்பதால் சேர்த்துச் சொல்கிறேன். 1972-ல் வந்த 'திக் அஸ் எ பிரிக்'. கிட்டத்தட்ட 44 நிமிஷம், ஒரே பாட்டு. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவு கொள்ளாது என்பதால் பாதியில் எழுந்து திருப்பிப் போட வேண்டும்.

அதற்கு முந்தைய வருஷம் 'அக்வாலங்' வந்தபோது விமர்சகர்கள், "ஒரே கருத்தைச் சுற்றிய தொகுப்பு" என்று எழுதினார்கள். ஆண்டர்சன், "இல்லவே இல்லை" என்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. "அப்படியா, இந்தா பிடி" என்று எல்லாவற்றுக்கும் தாயான ஒரு தொகுப்பைக் கேலியாகச் செய்தார். எட்டு வயதுப் பையன் ஜெரால்ட் பாஸ்டாக் எழுதிய கவிதைக்கு இசையமைத்தது என்று ஒரு புளுகு. அட்டை முழுக்க 12 பக்கச் செய்தித்தாள். கற்பனை ஊர், கற்பனைச் செய்தி, குறுக்கெழுத்து, புள்ளிகளை இணைக்கும் படம் எல்லாம் உண்டு. பாட்டைவிட அந்தப் பேப்பரைத் தயாரிக்கத்தான் அதிக நாள் ஆயிற்றாம். கேலிக்குச் செய்தது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. ஜெரால்ட் நிஜப் பையன் என்று நம்பியவர்களும் உண்டு.

சித்தப்பா கொண்டுவந்த இரண்டாவது தட்டு இதுதான். என் பாட்டி அதைப் பேப்பர் என்றே நினைத்தாள். நினைக்க வேண்டியதுதானே, பேப்பர் மாதிரித்தானே இருந்தது. "இங்கிலீஷ் பேப்பர், நல்லா கெட்டியா இருக்கு" என்று சொல்லி, கத்தரியால் இரண்டு தாளை வெட்டி, சமையலறை அலமாரித் தட்டில் விரித்து, மேலே நல்லெண்ணெய்த் தூக்கை வைத்துவிட்டாள். சித்தப்பா பார்த்தபோது குறுக்கெழுத்தின் மேல் வட்டமாக எண்ணெய்க் கறை. மனுஷர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பாட்டி விடவில்லை: "படிச்சு முடிச்ச பேப்பருக்கு ஏண்டா இப்படி அழற?" அந்தத் தாளைப் பிறகு பசை போட்டு ஒட்டினோம். இன்றும் என்னிடம் இருக்கிறது. கறை மஞ்சளிலிருந்து பழுப்பாகிவிட்டது. எட்டாம் எண் கேள்வி இன்னும் படிக்க முடியாது.

● வாசகர், கும்பகோணம்: மிருதங்கம் வாசிக்கிறேன். உங்கள் பதிலைப் பார்த்து அவர்களுடைய 'லிவிங் இன் த பாஸ்ட்' பாட்டைக் கேட்டேன். தாளம் நழுவிக்கொண்டே போகிறது. என்ன கணக்கு?

இது கேள்வி! மேற்கத்தியக் கணக்கில் ஐந்து. நீங்கள் ஐந்து போட்டால் நழுவும், ஏனென்றால் பேஸ் கிதார் அதை அரை அரையாக உடைத்துப் பத்தாக நடக்கிறது. சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தக தக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. முதல் வினாடியிலிருந்து இதுதான். மேலே குழல் ஒன்றும் தெரியாத மாதிரி அப்பாவியாக நீட்டிக்கொண்டு போகும். காலால் ஐந்து போட்டு, வாயால் இதைச் சொல்லுங்கள். பிடிபட்டுவிடும்.

மேனேஜர், "ஒரு ஹிட் பாட்டு எழுதிக் கொடு" என்று நச்சரித்தாராம். ஐந்து தாளத்தில் எழுதினால் ஹிட் ஆகாது, தொல்லை விடும் என்ற நினைப்பில் எழுதியது. 1969-ல் பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை போனது. அந்த ஊர்ச் சனங்கள் ஐந்தில் ஆடியிருக்கிறார்கள். எப்படி ஆடினார்கள் என்று பார்க்க எனக்கு இன்றும் ஆசை.

● வாசகர், நாமக்கல்: பிங்க் ஃப்ளாய்ட் குழுவைவிடவா?

அது மாமியார் வீட்டு விருந்து. இது அம்மா வைத்த குழம்பு. சண்டைக்கு வராதீர்கள்.

● லண்டனில் வசிக்கும் யாழ்ப்பாண வாசகர்: 1984-ல் ஹாமர்ஸ்மித் ஓடியனில் அவர்களை நேரில் பார்த்தேன். நான் வந்து இறங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கூட வேலை செய்தவன் இழுத்துக்கொண்டு போனான். ஆண்டர்சனின் குரல் அன்று மேல் ஸ்தாயியில் பிசிறியது நினைவிருக்கிறது. இப்போது கேட்டால் இன்னும் மோசம். அவர் நிறுத்திக்கொண்டிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றுவதில்லையா?

ஐயா, பொறாமையாக இருக்கிறது. நான் அவரை நேரில் பார்த்ததேயில்லை. நீங்கள் கேட்டது சரிதான். அந்த வருஷம் வந்த 'அண்டர் ராப்ஸ்' தொகுப்பில் டிரம்ஸ் வாசிக்க ஆளே கிடையாது, எல்லாம் இயந்திரம். பாட்டுகளையோ எட்டாத உயரத்தில் எழுதிவைத்துவிட்டார். இரவுக்கு இரவு அதைப் பாடப்போய் அந்தச் சுற்றுப்பயணத்தில்தான் தொண்டை கெட்டது. பழைய குரல் அப்புறம் திரும்பவில்லை. 2020-ல், தமக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பதைச் சொன்னார். பல பத்தாண்டுகள் மேடையில் விடுகிற செயற்கைப் புகையை அதற்கு ஒரு காரணமாகக் குறை சொன்னார்.

நிறுத்தியிருக்கலாமா? பத்து வருஷம் முன்பு கேட்டிருந்தால் "ஆமாம்" என்றிருப்பேன். 40 ஆண்டுகளுக்கு மேல் கூட இருந்த கிதார்க்காரர் மார்ட்டின் பார் விலகியபோது, எனக்கு அந்தக் குழு முடிந்துவிட்டது. ஆனால் 2022-ல் ஒன்று, 2023-ல் ஒன்று, 2025-ல் ஒன்று என்று எழுபது தாண்டிய மனிதர் தொகுப்பு போட்டுக்கொண்டே இருக்கிறார். குரலைத் தாழ்த்தி, பாதி பேசுகிற மாதிரி பாடுகிறார். மூச்சு போகிற வியாதிக்காரர் குழலை விடவில்லை. அதில் கேட்க எனக்கு ஏதோ இருக்கிறது. உங்களுக்கு இல்லையென்றால் 1984-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சாமானியமல்ல.

● வாசகர், ஓசூர்: நான் மெட்டாலிகா ரசிகன். 1989 கிராமி விருதை உங்கள் ஆட்கள் பிடுங்கிக்கொண்டதை மன்னிக்க முடியாது.

ஒப்புக்கொள்கிறேன், அது உங்கள் விருதுதான். ஹார்ட் ராக், மெட்டல் இரண்டுக்கும் சேர்த்து முதன்முதலாக வைத்த பரிசு. மெட்டாலிகாவுக்குத்தான் என்று ஊரே சொன்னது. டல் குழுவிடம் அவர்கள் இசைத்தட்டு நிறுவனமே, "கிடைக்கப்போவதில்லை, வராதீர்கள்" என்றுவிட்டது. இவர்களும் போகவில்லை. உறையைப் பிரித்தால் ஜெத்ரோ டல்! அரங்கத்தில் கூச்சல். பிறகு பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது: இரும்புக் கம்பிக் குவியல் நடுவே ஒரு புல்லாங்குழல், "புல்லாங்குழலும் கனமான உலோகக் கருவியே" (ஹெவி, மெட்டல்!) என்று. 1992-ல் மெட்டாலிகா விருது வாங்கியபோது அவர்களுடைய டிரம்மர், "இந்த வருஷம் தொகுப்பு எதுவும் வெளியிடாத ஜெத்ரோ டல்லுக்கு நன்றி" என்றார். அவரே சிரித்துவிட்டார், நீங்கள் ஏன் இன்னும் முறைக்கிறீர்கள்?

● வாசகி, காரைக்குடி: அவர் இந்தியா வந்திருக்கிறாரா? நம் சாப்பாடு பிடிக்குமாமே?

வந்திருக்கிறார். 2008 கடைசியில் சிதார் கலைஞர் அனுஷ்கா சங்கரோடு சேர்ந்து வாசித்தார். அந்த நேரத்தில்தான் மும்பைத் தாக்குதல். அங்கே நடக்க வேண்டிய நிகழ்ச்சியைத் தள்ளிவைத்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவி நிகழ்ச்சியாக நடத்திக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சாப்பாட்டு விஷயமும் உண்மை. இந்திய உணவகத்துக்குப் போனால் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று ரசிகர்களுக்கு ஒரு கையேடே எழுதியிருக்கிறார். செட்டிநாடு பற்றி என்ன சொல்கிறார் என்று நீங்களே தேடிப் படியுங்கள்.

● கல்லூரி மாணவி, கோவை: எதிலிருந்து தொடங்கட்டும்? ஒன்று மட்டும் சொல்லுங்கள், பட்டியல் வேண்டாம்.

'அக்வாலங்' தொகுப்பில் அதே பெயருள்ள முதல் பாட்டு. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அழுக்கு உடைக் கிழவர் ஒருவரைப் பற்றியது. ஆண்டர்சனின் அப்போதைய மனைவி ஜென்னி, தெருவில் வாழ்பவர்களைப் படமெடுத்துக் கொண்டுவந்தார். வார்த்தைகளில் பாதி அவருடையது. ஆறே ஸ்வரத்தில் கதவை உதைக்கிற மாதிரி ஆரம்பிக்கும். பயந்துவிடாதீர்கள். ஒரு நிமிஷம் கழித்து எல்லாம் அடங்கி, வெறும் கிதாரோடு தொலைபேசியில் பேசுகிற மாதிரி குரல் சுருங்கும். கிழவரைத் திட்டிக்கொண்டிருந்த அதே பாட்டு அங்கே அவர் பக்கத்தில் போய் உட்காருகிறது. இதில் புல்லாங்குழல் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். கிதார் தனி ஆவர்த்தனத்தை மார்ட்டின் பார் வாசித்துக்கொண்டிருக்கும்போது, அதே கட்டடத்தில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த லெட் செப்பலின் குழுவின் கிதார்க்காரர் ஜிம்மி பேஜ் உள்ளே வந்து கையாட்டினாராம். பதிலுக்குக் கையாட்டினால் வாசிப்பு போய்விடும். பார் சிரித்துக்கொண்டே வாசித்து முடித்தார். தனி ஆவர்த்தனம் வரும்போது அந்தச் சிரிப்பைத் தேடுங்கள்.

வாங்குவதாக இருந்தால் ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் 2011-ல் ஒலியைப் புதிதாகக் கலந்து கொடுத்த பதிப்பை வாங்குங்கள். பழையதில் பஞ்சு அடைத்த மாதிரி ஒரு மந்தம் இருக்கும்.

● வாசகர், திருச்சி: நானும் உறையூர்தான். அந்த எண்ணெய்க் கறை இசைத்தட்டை ஒரு வாரம் இரவல் தருவீர்களா? (போன வருஷம் இதே பகுதியில் அந்தக் கறையைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மறக்கவில்லை.)

தர மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன். காபி உண்டு. ஆனால் முதல் பக்கம் முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டியது நீங்கள். எனக்கு இரண்டு காலில் நிற்பதற்கே முட்டி வலிக்கிறது.